ஆந்தை பறந்த வீடு

பழைய வீட்டை விற்பதும் வயசான மாப்பிள்ளைக்குப் பெண் தேடுவதும் ஒரே வேலைதான். பெருமைகளை முதலில் சொல்ல வேண்டும். ஒழுகுகிற விஷயத்தை அவர்கள் கை நனைத்த பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். அதிலும் 'பாரம்பரியக் கட்டடம்' என்று அரசாங்கம் வாசலில் பித்தளைத் தகடு அறைந்துவிட்டுப் போன வீடு என்றால் கேட்கவே வேண்டாம். அது மாப்பிள்ளையோடு சேர்த்து மாப்பிள்ளையின் அத்தையையும் கட்டிக்கொள்கிற கதை. ஆணி அடிக்க ஒரு மனு, அடித்த ஆணியைப் பிடுங்க ஒரு மனு. சுவருக்கு வெள்ளை அடிப்பது என்றால், பழைய வெள்ளை எந்த வெள்ளை என்று பார்க்க ஒரு குழுவே கிளம்பி வரும்.

அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில் சில்லறை நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்ததில் செருப்பு இரண்டும் சேறு பூசிக்கொண்டிருந்தன. பாரம்பரியத் தரையில் கால் வைக்கலாமா, அதற்கும் மனு போட வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

சில்லறை ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். பாக்கிச் சில்லறைக்குப் பதிலாக ஜோக் சொல்லியே காலத்தை ஓட்டியவன். ஜோக் பிடிக்காத பயணி ஒருத்தர் பரிசோதகராக அமைந்ததில் வேலை போயிற்று. அண்ணன் மனைவி அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். துப்பறிவது அவள் தொழில், ஊர் அவளுக்கு வைத்த பெயர் தராசு. துணிக்கடையில் பிறந்து, துணிக்கடையில் தவழ்ந்து, பேரம் நடக்கிற சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவள். ஆளைப் பார்த்ததுமே இவர் எத்தனை மீட்டர் கேட்பார், எத்தனை மீட்டரோடு போவார் என்று சொல்லிவிடுவாள்.

"இங்கதான் உக்கார்ந்திருந்துச்சு" என்று கை காட்டினாள் வீட்டுக்காரம்மா.

மாடிப்படியின் கைப்பிடி தொடங்குகிற இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு தேக்குத் தூண். அதன் தலையில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் போகிற அளவுக்கு ஒரு குழி மட்டும் இருந்தது.

"மர ஆந்தை. வீட்டோட பொறந்தது. தகடு அடிச்ச பாரம்பரியத் துறைக்காரங்க போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வீடு பார்க்க வந்தார், டவுன்ல மெத்தைக் கடை வெச்சிருக்கறவர். அவர் போனதுக்கப்புறம் பார்த்தா ஆந்தையைக் காணோம்."

"பறந்திருக்குமோ?" என்றான் சில்லறை.

"தம்பி" என்றாள் தராசு. அந்த ஒரு சொல்லுக்கு வாயை மூடு என்று அர்த்தம்.

வீட்டுக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சாயங்காலம் நாலு மணிக்குத் துறை அதிகாரி வர்றார். எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்குன்னு அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வீட்டை விக்க முடியும். ஒரு துண்டு குறைஞ்சாலும் விற்பனை கிடையாது, மேல அபராதம் வேற. போலீஸுக்குப் போனா விஷயம் முதல்ல துறைக்குத்தான் போகும். டவுன்ல லிஃப்ட் வெச்ச ஃபிளாட் ஒண்ணு பேசி வெச்சிருக்கோம். இவருக்கு முழங்கால் போயிடுச்சு. மாடியேறி மூணு வருஷமாச்சு. இந்த வீட்டுல லிஃப்ட் வைக்கணும்னு கேட்டதுக்கு, துறையில சிரிச்சு அனுப்பிட்டாங்க."

'இவர்' என்று சொல்லப்பட்டவர் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே சாய்வு நாற்காலியில் பேப்பரும் கையுமாக இருந்தார். ஓய்வு பெற்ற டாக்டர். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, ஆடாமல் அசையாமல் ஒரு பார்வை.

"வாங்க தம்பி" என்று சில்லறையை வரவேற்றார். பேசும்போது அவர் கண் சில்லறையின் முகத்தில் இல்லை, வாயில் இருந்தது. தன்னிடமிருந்து அடுத்த ஜோக் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்போல என்று சில்லறை மனம் குளிர்ந்தான். இப்படி ஒரு ரசிகர் கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று.

தராசு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் விரலால் தடவினாள். ஒரு கீறல் இல்லை, நெம்பிய தழும்பு இல்லை. ஆனால் குழிக்குள் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் அதை வெளியே எடுத்தாள்.

"பஞ்சு" என்றான் சில்லறை. "அண்ணி, கேஸ் முடிஞ்சுது. மெத்தைக்காரர் விசிட்டிங் கார்டே வெச்சுட்டுப் போயிருக்கார்."

"நான் அப்பவே சொன்னேன்" என்று வீட்டுக்காரம்மா பொரிந்தாள். "வந்ததுல இருந்து போறவரைக்கும் குறைதான். படி கிறீச்சுங்குது, ஜன்னல் காத்துல ஊளையிடுது, சமையலறை இருட்டு. இந்த ஆந்தையைப் பார்த்து, 'எதுக்கும்மா இந்த மூஞ்சியை வாசலைப் பார்க்க வெச்சிருக்கீங்க, வர்ற லட்சுமி பயந்து ஓடிடுவா'ன்னு கேட்டார். அவர்தான் எடுத்திருக்கணும்."

"இவ்வளவு குறை சொன்னாரா?" தராசின் முகம் மலர்ந்தது. "அப்ப அவர் எடுக்கலை."

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்க அப்பா கடைக்கு ரெண்டு விதமா ஆளுங்க வருவாங்க. 'ஆகா, என்ன நிறம், என்ன நெசவு'ன்னு சொல்றவங்களுக்கு அப்பா ஒரு டம்ளர் தண்ணி கொடுத்து அனுப்பிடுவார். 'கரை கோணலா இருக்கு, ஒரு துவைப்புல சாயம் போயிடும்'னு சொல்றவங்களுக்குத்தான் நாற்காலி போடச் சொல்வார். குறை சொல்றவன்தாம்மா வாங்குவான். வாங்கப்போற வீட்டுல இருந்து யாராவது திருடிட்டுப் போவாங்களா?"

"அப்ப பஞ்சு?" என்றான் சில்லறை, தன் கேஸ் முடியாமல் போன வருத்தத்தில்.

"அதை அவர்கிட்டயே கேட்போம். குறை தேடற கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. ஞாயித்துக்கிழமை இந்த வீட்டை அவரை விட நல்லா யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

டாக்டர் பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார். "டீ சாப்பிட்டுப் போங்க. சர்க்கரை மட்டும் இந்த வீட்டுல போட மாட்டோம்" என்றார்.

சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு, அதைவிடக் கசப்பான வெயிலில் இருவரும் பஸ் பிடித்தார்கள்.

மெத்தைக் கடையின் போர்டில் 'அசல் பஞ்சு மெத்தைகள்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. கடைக்காரர் நடுக்கடையில் ஒரு மெத்தைமேல் மல்லாந்து படுத்து வாடிக்கையாளருக்காகக் காத்திருந்தார். இது விளம்பரமா தூக்கமா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூலையில் அவர் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஆந்தை போன கதையை இங்கே மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் பேரம் முறிந்துவிடும். தராசு அந்த வெள்ளைப் பஞ்சைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இந்த மாதிரி பஞ்சு வெச்சு மெத்தை வேணும்."

கடைக்காரர் எழுந்து உட்கார்ந்து, பஞ்சை விரலால் பிய்த்துப் பார்த்தார். "இதுலயா? இது மருந்துக்கடைப் பஞ்சும்மா. இதுல மெத்தை தெச்சா, படுக்கிறவன் நோயாளியாத்தான் படுக்கணும்."

"அப்ப உங்க பஞ்சைக் காட்டுங்க."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தையலைப் பார்த்தாள்.

"ஃபோம் காட்டறேன்" என்றார்.

"போர்டுல பஞ்சுன்னு இருக்கே அண்ணே" என்றான் சில்லறை.

"போர்டு எங்க அப்பா வெச்சது. அதுவும் பாரம்பரியம்தான். எடுக்க மனசு வரலை. கடைக்குள்ள பஞ்சு வந்து வருஷக்கணக்கா ஆச்சு தம்பி, வெளிய சொல்லிடாதீங்க."

மெத்தைக்காரர் கணக்கில் பஞ்சு பைசல் ஆயிற்று. சில்லறை மனதுக்குள் அவரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டான். தராசு ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "அந்தப் பழைய வீட்டை நீங்க வாங்கறீங்கன்னு கேள்விப்பட்டோம். அந்தம்மாவுக்கு வேண்டியவங்க நாங்க. வீடு பிடிக்கலைன்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். வேற எப்படிச் சொல்றது?"

மெஷின் நின்றது. "இவர் தூக்கத்துலகூட ஆந்தை ஆந்தைன்னு புலம்பறார்" என்றாள் மனைவி. "கட்டின பொண்டாட்டி பேரை ஒரு நாள் தூக்கத்துல சொன்னதில்லை. மாடியில ரெண்டு ரூமை வாடகைக்கு விட்டு, வர்றவங்களை எங்க மெத்தையிலேயே படுக்க வெச்சு, காலையில அதே மெத்தையை வித்து அனுப்பலாம்னு திட்டம்."

"அந்த ஆந்தை முகத்தை என் கடைக்கு அடையாளமாப் போடப் போறேன்" என்றார் கடைக்காரர், குரலை இறக்கி. "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கற ஜீவன். என் மெத்தையில படுத்தா அதுவே தூங்கிடும்னு எழுதுவேன். இதை அவங்ககிட்ட சொன்னா விலை எங்க போய் நிக்கும்? ஆனா ஒண்ணும்மா, எனக்கு ஒரு விஷயம் புரியலை. அந்தப் பல் டாக்டர் இருக்காரே..."

"என்ன செஞ்சார்?"

"அந்தம்மா டீ போட உள்ள போனதும் என்னைப் பக்கத்துல கூப்பிட்டார். 'கூரை மூணு இடத்துல ஒழுகும், மேல வவ்வால் குடும்பம் குடும்பமா இருக்கு, மழைக்காலத்துல ரோடு தண்ணிக்குள்ள போயிடும், யோசிச்சு வாங்குங்க'ன்னார். நானே கண்டுபிடிக்காத குறையெல்லாம் சொன்னார். என் சர்வீஸ்ல விக்கிறவன் தன் சரக்கைத் தானே குறை சொல்லி நான் பார்த்ததில்லை. இதுல ஏதோ பெரிய தந்திரம் இருக்கு, நமக்குத் தெரியாத லாபம் அந்த வீட்டுல ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணிடுச்சு. அந்த நிமிஷமே வாங்கிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

தராசு தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தலையணை ரொம்ப அழகா இருக்கு. தையல் பிரமாதம். நிறமும் கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று அதைக் கீழே வைத்தாள்.

கடைக்காரர் முகம் விழுந்தது. இந்தம்மா வாங்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வருகிற பஸ்ஸில் சில்லறை துளைத்தான். "சொல்லுங்க அண்ணி. யாரு?"

"பஞ்சு மெத்தைக் கடையில பஞ்சு இல்லை. பஞ்சே தேவையில்லாத இடத்துல பஞ்சு இருக்கு. யோசிங்க கொழுந்தனாரே."

"யோசிக்கறதுக்குச் சர்க்கரை போட்ட டீ வேணும்."

"அப்ப வேடிக்கை பாருங்க."

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து நடந்து பாரம்பரியத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதே நாற்காலியில், அதே பேப்பரோடு இருந்தார்.  தராசு நேராகத் தூணுக்குப் போய், சின்ன டார்ச்சைக் குழிக்குள் அடித்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆந்தை கிடைச்சாலும் பிரயோஜனம் இல்லைம்மா."

"ஏன்?" வீட்டுக்காரம்மா முதல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எடுத்தவன் தொழில் தெரியாதவன். நெம்பு நெம்புன்னு நெம்பியிருக்கான். ஆந்தைக்கு அடியில ஒரு முளை இருக்குமில்ல, அது பாதி உடைஞ்சு உள்ளேயே நிக்குது."

பேப்பர் லேசாக அசைந்தது. "இருக்காது" என்றார் டாக்டர்.

"இருக்கு சார். நல்லாத் தெரியுது. அவசரக் கை, கத்துக்குட்டிக் கை."

"நிழலா இருக்கும். வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க."

"சாய்ச்சும் பார்த்தாச்சு. கசாப்புக் கடைக்காரன்கூட இதை விடச் சுத்தமா எடுப்பான். எனக்கென்னமோ, எடுக்கும்போது அந்த ஆளுக்குக் கை நடுங்கியிருக்கும்னு தோணுது."

"எனக்குக் கை நடுங்காது" என்றார் டாக்டர். "முப்பத்தஞ்சு வருஷத் தொழில்ல ஒரு வேரைக்கூட நான் உள்ள விட்டதில்லை."

 மேலே எங்கேயோ வவ்வால் ஒன்று இறக்கையை உதறியது. டாக்டர் பேப்பரை மெல்ல மடித்து மடியில் வைத்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

சில்லறைக்கும் அப்போதுதான் உறைத்தது. பல்லைப் பிடுங்குகிறவர். பிடுங்கியதும் குழியில் பஞ்சை வைத்து அடைக்கிறவர். கை பழகிப்போய்விட்டது, மரமா மனுஷனா என்று அதற்குத் தெரியாது. காலையில் தன் வாயையே அவர் பார்த்ததற்குக் காரணம் ரசனை இல்லை என்பதும் புரிந்தது. கொஞ்சம் வலித்தது.

"முளை முழுசா வந்துச்சு" என்றார் டாக்டர், தாழ்ந்த குரலில். "இடதும் வலதுமா பொறுமையா ஆட்டி எடுத்தேன். ஒரு சிலும்புகூட இல்லை."

"அதுதான் தெரியுதே சார், அவ்வளவு சுத்தமான வேலை" என்றாள் தராசு. "பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆந்தை எங்க?"

அவர் பக்கத்து அறையைக் காட்டினார். முன்பு அவர் மருத்துவம் பார்த்த அறை அது. சில்லறை கதவைத் திறந்தான். பல் பார்க்கிற நாற்காலியில், தலை சாய்க்கிற இடத்தில், கழுத்தில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு ஆந்தை உட்கார்ந்திருந்தது. அடுத்து தன்னைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்கிற திகில் அதன் கண்ணில் இருந்தது.

வீட்டுக்காரம்மா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காகவா?"

"இது உன் பாட்டனுக்குப் பாட்டன் கட்டின வீடு. தினமும் சாயங்காலம் நீ மாடியில போய்த் தனியா நிக்கிறே. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். எனக்குத் தெரியாதா? என் ஒரு முழங்காலுக்காக நீ இதை விட்டுட்டு வரணுமா? விக்க வேண்டாம்னு சொன்னா நீ கேக்க மாட்டே. அதான்."

"மாடியில நின்னாத்தாங்க போனுக்கு சிக்னல் கிடைக்குது."

"என்னது?"

"என் தங்கச்சிகிட்ட உங்களைப் பத்தி நாலு வார்த்தை குறை சொல்லணும்னா, உங்க பக்கத்துல நின்னு சொல்ல முடியுமா? அதுக்குத்தான் மேல போறேன். வீட்டு மேல ஆசையாம் ஆசை. கூட்டிப் பெருக்கியே என் இடுப்பு போச்சு. எங்க அப்பாவோட போட்டோ மாட்ட ஒரு ஆணி அடிக்க விட்டாங்களா? உங்க முழங்கால் வலிக்குதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அப்பாடா, விக்கிறதுக்கு ஒரு சாக்கு கிடைச்சுதுன்னு."

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? வர்றவங்ககிட்ட எல்லாம் 'இந்த மாதிரி வீடு கிடைக்குமா'ன்னு பெருமை பேசுவீங்க. காலையில எழுந்ததும் அந்த ஆந்தையைத் துணியால துடைப்பீங்க. உங்க உசுரே இதுலதான்னு நெனச்சேன்."

"மாமனார் வீடு. குறை சொன்னா நீ சும்மா விடுவியா? ஆந்தை கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு, துடைச்சேன். எனக்கு இந்த வீட்டைக் கண்டாலே ஆகாது. குளிருது, ஒழுகுது, ராத்திரி முழுக்க வவ்வால் சண்டை. ஞாயித்துக்கிழமை அந்த மெத்தைக்காரர்கிட்டதான் முதல் தடவையா உண்மையைச் சொன்னேன். மனசு எவ்வளவு லேசாச்சு தெரியுமா?"

"பாவி மனுஷா" என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல். "கல்யாணமான புதுசுலேயே இதைச் சொல்லியிருந்தா, அப்பவே வித்துட்டு டவுனுக்குப் போயிருக்கலாமே."

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர்.

"குடும்ப விவகாரம் அப்புறம்" என்றாள் தராசு. "சார், எடுத்ததைத் திரும்ப வைக்கத் தெரியுமா?"

டாக்டர் அதற்குள் சட்டைக் கையைச் சுருட்டியிருந்தார். "தம்பி, டார்ச்சைப் பிடிங்க. கிட்ட. இன்னும் கிட்ட. மூச்சை அது மேல விடாதீங்க." சில்லறை வாழ்க்கையில் முதல் தடவையாக நர்ஸ் ஆனான். டாக்டர் முளையைக் குழிக்குள் இறக்கி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். ஆந்தை டக்கென்று உட்கார்ந்தது. வீட்டுக்காரம்மா அதன் கழுத்துத் துண்டை உருவி இடுப்பில் செருகிக்கொள்ளவும், அதிகாரி நிலைப்படி தாண்டி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

அதிகாரி ஒல்லியானவர். சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதுபோல ஒரு முகம். கையில் பழைய போட்டோக்கள். ஜன்னல்களைப் பார்த்தார், கதவுகளைத் தட்டினார், மாடியைச் சுற்றிவிட்டு இறங்கி வந்தார். பேரத்தை முடிக்க ஸ்கூட்டரில் வந்திறங்கிய மெத்தைக்காரரும் மனைவியும் பின்னாலேயே நடந்தார்கள். எல்லாம் சரி என்று சொல்ல அதிகாரி வாயெடுத்த நேரத்தில், மெத்தைக்காரரின் கண் தூணில் விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை இந்த ஆந்தை வாசலைப் பார்த்துக்கிட்டிருந்துச்சே. இப்ப ஏன் மாடியைப் பார்க்குது?"

வீட்டுக்காரம்மாவின் கை கைப்பிடியை இறுக்கியது. அதிகாரி போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஆந்தையைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். "ஆமா. படத்துல வாசலைத்தான் பார்க்குது."

"உங்களுக்கு வீடு வேணுமா, வேண்டாமா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்று மெத்தைக்காரர் மனைவி அவர் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மெத்தைக்காரர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அதிகாரியின் கண்ணாடி இன்னும் ஆந்தை மேலேயே இருந்தது.

"ஆந்தைன்னா தலையைத் திருப்பும் சார்" என்றான் சில்லறை. "இத்தனை வருஷமா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தா, அதுக்கு மட்டும் கழுத்து வலிக்காதா?"

அதிகாரி திரும்பிச் சில்லறையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அதிகாரியின் மீசைக்கு அடியில் ஏதோ நெளிந்தது. அது மெல்ல வளர்ந்து சிரிப்பாயிற்று. டாக்டர் எட்டி, ஆந்தையைப் பிடித்து இதமாக ஒரு திருப்புத் திருப்பினார். அது பழையபடி வாசலைப் பார்த்தது.

"பழைய மரம். கொஞ்சம் தளர்ந்திருக்கும்" என்று அதிகாரியே காரணம் சொல்லிக்கொண்டார். பேனாவை எடுத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகத் தொண்டையைச் செருமி, மறுபடி உத்தியோக முகத்தை மாட்டிக்கொண்டார். "கடைசியா ஒரு கேள்வி. விதிப்படி ரெண்டு பேர்கிட்டயும் கேட்டாகணும். இந்த வீட்டை யாருடைய வற்புறுத்தலும் இல்லாம, உங்க சொந்த..."

"முழு மனசோடதான்" என்றார்கள் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில்.

அதிகாரி பேனாவை இறக்கினார். "நான் இன்னும் கேட்டு முடிக்கலை."

"கையெழுத்தைப் போட்டுக்கிட்டே கேளுங்க சார்" என்றாள் வீட்டுக்காரம்மா.